தொற்றுநோய்க் காலங்களில் மருத்துவமனை சமூகப் பணி

மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். ஓய்வெடுக்கவும் சத்தான உணவு சாப்பிடவும் சொல்கிறார். அந்த மருந்தை அவரால் தொடர்ந்து வாங்க முடியுமா, வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா, நோயின் பெயர் தெரிந்த பிறகு வீட்டார் அவரை ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்விகள் மருந்துச் சீட்டில் இடம்பெறுவதில்லை. இவற்றைக் கவனிப்பதற்காக மருத்துவமனைக்குள் தோன்றிய தொழிலே மருத்துவமனை சமூகப் பணி. மருத்துவச் சமூகப் பணி என்றும் இது அழைக்கப்படுகிறது.

சாதாரண நாட்களில் நோயாளியின் அருகில் உறவினர் ஒருவர் இருப்பார். உணவு கொண்டுவருவது, செவிலியரிடம் கேட்டு வருவது, வீட்டுக்குச் செய்தி சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. தொற்றுநோய் பரவும்போது முதலில் விலக்கப்படுபவர் அவர்தான். நோயாளி ஒரு பக்கமும் குடும்பம் மறுபக்கமுமாகப் பிரிக்கப்படுகின்றனர். நோயின் மீதான அச்சம் அந்தக் குடும்பத்தின் மீதும் திரும்புகிறது. இந்தப் பிரிவினால் எழும் சிக்கல்களை மருத்துவமனைகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே மருத்துவமனை சமூகப் பணியின் வரலாற்றில் பெரும்பகுதி.

பம்பாய் பிளேக், 1896

இத்தகைய பணி என ஒன்று இந்திய மருத்துவமனைகளில் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பம்பாய் பிளேக் சான்றாகிறது. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். துறைமுகத்தை ஒட்டிய, மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதி அது. நகர நிர்வாகம் நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் வீடுகளைச் சோதனையிடவும் முனைந்தது. 1897 பிப்ரவரியில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம் அரசுக்கு மேலும் விரிந்த அதிகாரங்களை வழங்கியது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் தனி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

மக்கள் நோய்க்கு அஞ்சிய அளவுக்கு மருத்துவமனைக்கும் அஞ்சினர். உள்ளே போனவர் உயிருடன் திரும்புவதில்லை என்ற பேச்சு பரவியது. பெண்களை அந்நிய ஆண்கள் தொட்டுச் சோதிப்பது, அடுத்தவர் சமைத்த உணவைச் சாப்பிட நேர்வது, சாகும் வேளையில் உறவினர் அருகில் இல்லாமல் போவது, உடலுக்குரிய சடங்குகள் தவறுவது ஆகியவை பெருங்கவலைகளாக இருந்தன. 1896 அக்டோபர் இறுதியில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கினர். பலர் நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்துவைத்தனர். பலர் நகரை விட்டே ஓடினர். ஓடியவர்களோடு நோயும் வேறு ஊர்களுக்குச் சென்றது. புனே நகரில் வீட்டுச் சோதனைகளுக்குப் படைவீரர்கள் பயன்படுத்தப்பட்டனர். அதற்குப் பொறுப்பாக இருந்த பிளேக் ஆணையர் வால்டர் ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டு, பின்னர் இறந்தார்.

எதிர்ப்பு முற்றிய பிறகு அரசு படிப்படியாகத் தன் முறையைத் தளர்த்தியது. ஒவ்வொரு சமூகத்தாரும் தங்களுக்கெனப் பிளேக் மருத்துவமனைகளை நடத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவற்றில் தங்களுக்குப் பழக்கமான மருத்துவர்களையும் உணவையும் நோயாளிகள் பெற்றனர். உறவினர்கள் வந்து பார்க்க முடிந்தது. மருத்துவமனை மீதிருந்த அச்சம் குறைவதற்கு இந்தச் சலுகைகள் உதவின.

இதே காலத்தில் புனே அருகே சாவித்ரிபாய் புலேயும் அவருடைய வளர்ப்பு மகனான மருத்துவர் யஷ்வந்தும் பிளேக் நோயாளிகளுக்காகச் சிகிச்சை மையம் ஒன்றை நடத்தினர். சாவித்ரிபாய் நோயாளிகளை நேரில் சென்று அழைத்துவந்தார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தூக்கிவந்தபோது தமக்கும் தொற்று ஏற்பட்டு, 1897 மார்ச் 10 அன்று இறந்தார். படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து ஆட்களைக் கொண்டு சென்ற அதே வட்டாரத்தில், தெரிந்த ஒருவர் வந்து அழைத்தபோது மக்கள் சிகிச்சைக்குச் சென்றனர்.

லண்டனும் பாஸ்டனும்

மருத்துவமனை சமூகப் பணி ஊதியம் பெறும் பதவியாக முதலில் தோன்றியது லண்டனில். 1895 ஜனவரியில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்பவர் முதல் 'லேடி ஆல்மனர்' ஆக நியமிக்கப்பட்டார். அறக்கொடைகளை ஒழுங்குபடுத்த உருவான அமைப்பு ஒன்று அவரை அனுப்பியது. கட்டணம் செலுத்த வசதி உள்ளவர்கள் இலவசச் சிகிச்சை பெறுவதைத் தடுப்பது அவருக்குத் தரப்பட்ட முதன்மை வேலை. ஆனால் புறநோயாளிகளிடம் அவர்களுடைய வருமானத்தையும் வீட்டு நிலையையும் கேட்கத் தொடங்கியபோது, உதவி தேவைப்பட்டும் அதைப் பெற வழி தெரியாதவர்கள் பலர் இருப்பது தெரிந்தது. அவர்களை உரிய உதவிகளோடு இணைப்பது ஆல்மனர்களின் பணியாக வளர்ந்தது.

பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இந்தப் பணி வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர் ரிச்சர்ட் கேபட், தாம் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பகுதி வீணாவதைக் கண்டார். காசநோயாளிக்கு அந்நாளில் மருந்து இல்லை. ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு ஆகியவையே சிகிச்சை. நெரிசலான குடியிருப்பில் வாழ்ந்து, ஒருநாள் வேலையை விட்டாலும் கூலியை இழக்கும் தொழிலாளியிடம் இவற்றைச் சொல்வதில் பயன் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. 1905இல் கார்னெட் பெல்டன் என்ற செவிலியரை அவர் இந்தப் பணிக்கு அமர்த்தினார். புறநோயாளிப் பிரிவின் நடைவழி மூலையில் போடப்பட்ட ஒரு மேசைதான் அவருடைய அலுவலகம். சில மாதங்களிலேயே பெல்டனுக்குக் காசநோய் தொற்றியது. அவர் விலக நேர்ந்தது. இந்தத் தொழில் தொடங்கிய ஆண்டிலேயே அதன் ஆபத்தும் வெளிப்பட்டுவிட்டது.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஐடா கேனன் 1945 வரை அந்த மருத்துவமனையின் சமூகப் பணியை வழிநடத்தினார். 1913இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் முன்னோடி நூல்களில் ஒன்று. தொடக்க ஆண்டுகளில் இந்தப் பணிக்கான செலவை மருத்துவமனை ஏற்கவில்லை. கேபட்டும் நன்கொடையாளர்களும் ஏற்றனர். 1918இல் அமெரிக்க மருத்துவமனை சமூகப் பணியாளர்களுக்கென ஒரு சங்கம் உருவானது.

1905இல் பாஸ்டனிலேயே மருத்துவர் ஜோசப் பிராட் ஏழைக் காசநோயாளிகளுக்காக 'வகுப்பு' ஒன்றைத் தொடங்கினார். சானடோரியத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற அது வழிசெய்தது. ஒவ்வொருவரும் தம் உடல்வெப்பம், உணவு, ஓய்வு நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். வாரந்தோறும் எல்லோரும் கூடுவார்கள். பணியாளர் ஒருவர் வீடுகளுக்குச் சென்று, நோயாளி தனியே படுக்க மொட்டைமாடியிலோ முற்றத்திலோ இடம் ஒழுங்கு செய்வதற்கு உதவுவார். ஒரே நோய் உள்ளவர்கள் சேர்ந்து அமர்ந்து பேசுவது மனத்தளர்ச்சியைக் குறைப்பதைப் பிராட் கவனித்தார். பிற்காலத்தில் குழு உளச்சிகிச்சை எனப்பட்ட முறைக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

பிரித்தானியாவில் நோயாளிக் குடும்பத்தின் வருமான இழப்பு அரசின் பொறுப்பாக மாறியது இரண்டாம் உலகப் போரின்போது. சிகிச்சைக்காக வேலையை விடும் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் 1943இல் அங்கே நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் தொடக்கம்

இந்தியாவில் சமூகப் பணிக்கான தொழில்முறைப் பயிற்சி 1936இல் பம்பாயில் தொடங்கியது. சர் தொராப்ஜி டாட்டா பெயரில் அமைந்த அந்தப் பள்ளி பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாறியது. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் தேவை என்று வலியுறுத்தியது. அதே ஆண்டில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நாட்டின் முதல் மருத்துவச் சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார்.

சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னை சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்களுக்கு மருத்துவமனைகளும் களமாயின. நான்கு ஆண்டுகளுக்குள் உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றிய ஆய்வு ஒன்று அதே நகரில் தொடங்கியது.

சென்னை ஆய்வு, 1956

காசநோய்க்கு அதுவரை சிறந்த இடம் சானடோரியம் என்பதே மருத்துவ உலகின் கருத்து. 1928இல் மருத்துவர் டேவிட் சவரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அந்தக் கருத்தின் வழியில் உருவானது. 1937இல் அதை அரசு ஏற்றது. அந்த ரயில் நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே அழைக்கப்படுகிறது.

ஆனால் நாட்டில் காசநோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. படுக்கை கிடைத்தாலும் ஓராண்டு வீட்டைப் பிரிந்திருப்பது ஏழைக் குடும்பத்தைக் குலைத்துவிடும். சம்பாதிப்பவர் சானடோரியத்துக்குப் போனால் வருமானம் நின்றுவிடும்; தாய் போனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. 1950களின் தொடக்கத்தில் ஐசோநயசிட், பாஸ் போன்ற மாத்திரைகள் கிடைக்கத் தொடங்கியதும் புதிய கேள்வி ஒன்று எழுந்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகுமா? கூட வாழ்பவர்களுக்கு ஆபத்து உண்டா?

இதற்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இதை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குச் சானடோரியத்தில் ஓய்வும் சத்துணவும் மருந்தும் தரப்பட்டன. மற்றக் குழுவினர் தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டனர்.

வீட்டுக் குழுவினரின் உணவு குறைவு, இடம் நெரிசல், ஓய்வு மிகக் கொஞ்சம். ஆயினும் ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினரும் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினரும் நோய் தணிந்த நிலையை அடைந்திருந்தனர். 1959இல் முடிவுகள் வெளியாயின. ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் தெரிந்தது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கிய நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதால் பெரிய பயன் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணமானது.

வீட்டுச் சிகிச்சை என்பது மாத்திரையைக் கொடுத்தனுப்புவதோடு முடியவில்லை. இருமல் நின்று உடம்பு தேறியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். எனவே மையத்தின் சுகாதாரப் பார்வையாளர்களும் சமூகப் பணியாளர்களும் வீடுகளுக்குச் சென்றனர். முன்னறிவிப்பின்றிச் சென்று மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணினர். மருந்து உடலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் சோதிக்கப்பட்டது. ஒருவர் ஏன் மருந்தை நிறுத்தினார் என்பதைத் தெரிந்துகொள்ள அவருடைய வீட்டுச் சூழலைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பின்னர் சென்னை மையம் மருந்தை நேர்ப் பார்வையில் கொடுக்கும் முறையையும் ஆராய்ந்தது. 1990களில் உலகெங்கும் பரவிய 'டாட்ஸ்' திட்டத்துக்கு அதுவும் ஓர் அடிப்படை. சேத்துப்பட்டில் உள்ள அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் செயல்படுகிறது.

எச்.ஐ.வி.: நோயைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் வழியே இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. சேகரிக்கப்பட்ட ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. முதலில் தொற்று உறுதியான ஆறு பேரும் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள். நோய் குறித்த முதல் செய்தியே ஒழுக்கம் குறித்த பழியுடன் சேர்ந்து வந்தது.

பம்பாய் பிளேக் காலத்துக் கட்டாயத் தனிமை மீண்டும் தலைகாட்டியது. 1989இல் கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்தபோது அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அவர் பிடித்துச் செல்லப்பட்டு, பயன்பாட்டில் இல்லாத காசநோய்ச் சானடோரியம் ஒன்றில் 64 நாட்கள் அடைத்துவைக்கப்பட்டார். அவருடைய தாயும் நண்பர்களும் நீதிமன்றத்தை நாடினர். வெளியே வந்த பிறகு, தொற்றுடன் வாழ்வோருக்கான அமைப்பு ஒன்றை அவர் தொடங்கினார். 1992இல் இறந்தார்.

தாம்பரம் சானடோரியம் 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளை உள்நோயாளிகளாக ஏற்கத் தொடங்கியது. மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தமிழகத்திலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் அங்கே வந்தனர். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் பரிசோதனையும் வழங்கும் மையங்கள் பெருகின. தமிழகத்தில் இவை 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் அறியப்படுகின்றன. சமூகப் பணியோ உளவியலோ படித்தவர்கள் அவற்றில் ஆலோசகர்களாக அமர்ந்தனர்.

ஆலோசகரின் வேலை இங்கே மிக நுட்பமானது. பரிசோதனைக்கு முன் அதன் பொருளை விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். முடிவைத் தனியே சொல்ல வேண்டும். மனைவிக்கோ கணவருக்கோ எப்போது, எப்படிச் சொல்வது என்பதைச் சேர்ந்து யோசிக்க வேண்டும். அடுத்த படுக்கைக்காரருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சுபவரின் மருத்துவக் குறிப்பை எங்கே வைப்பது என்பதுகூட முடிவெடுக்க வேண்டிய காரியமாகியது. கணவர் இறந்தபின் புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்களுக்குச் சொத்துரிமை குறித்த ஆலோசனை தேவைப்பட்டது. பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தலைமையாசிரியர்களிடம் பேச வேண்டியிருந்தது.

இந்தக் காலத்தில் நோயாளிகளே பணியாளர்களாக மாறியது குறிப்பிடத்தக்கது. 1998இல் சென்னையில் தொற்றுள்ள பெண்கள் சேர்ந்து பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினர். புதிதாக நோய் அறிந்தவரிடம், தாமும் அதே மருந்தைச் சாப்பிட்டு உயிர்வாழ்வதாகச் சொல்லக்கூடிய ஒருவரின் பேச்சுக்குத் தனி வலிமை இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டின் எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது தாம்பரமும் அவற்றில் ஒன்று. வாழ்நாள் முழுவதும் தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து என்பதால், 1956இல் சென்னையில் எழுந்த அதே கேள்வி இங்கேயும் முன்னின்றது. மருந்துக்காக மாதந்தோறும் வரும் பேருந்துச் செலவு, விடுப்பெடுத்தால் போகும் கூலி ஆகியவை சிகிச்சையின் பகுதிகளாகக் கருதப்பட்டன.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும், அனுமதியின்றித் தொற்று நிலையை வெளியிடுவதையும், வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் அது தடைசெய்கிறது. ஆலோசகர்கள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியே வாதாடியவை அதன் வழியே சட்டப் பாதுகாப்பைப் பெற்றன.

சார்ஸ், 2003

காசநோயும் எச்.ஐ.வி.யும் மெல்ல நகரும் நோய்கள். 2003இல் பரவிய சார்ஸ் சில வாரங்களில் மருத்துவமனைகளையே முடக்கியது. உலக அளவில் 8,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 774 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய் கண்டது. 33 பேர் இறந்தனர். அங்கே பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் சுகாதாரப் பணியாளர்கள்.

2003 மார்ச் 22 அன்று டான் டாக் செங் மருத்துவமனை சார்ஸுக்கான மருத்துவமனையாக அறிவிக்கப்பட்டது. பார்வையாளர்கள் தடுக்கப்பட்டனர். நோயாளியும் குடும்பமும் தொலைபேசியில் மட்டுமே பேச முடிந்தது. இறந்தவரின் உடல் மூடி முத்திரையிடப்பட்டு 24 மணி நேரத்துக்குள் எரியூட்டப்பட்டது. பல நாள் நீளும் இறுதிச் சடங்குகளுக்குப் பழகிய குடும்பங்களுக்கு இது பெரும் அடி. ஒரே வீட்டில் ஒருவர் இறந்திருக்க, மற்றவர்கள் தனிமைப்படுத்தல் உத்தரவின் கீழ் வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலையும் இருந்தது.

கனடாவின் டொராண்டோ நகரிலும் மருத்துவமனைகள் வருகையாளர்களை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சமூகப் பணியாளர்களின் அனுபவங்கள் பின்னர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தன. முகக்கவசத்தோடு, தூரத்தில் நின்று, தொலைபேசி வழியாகப் பேசி ஆறுதல் சொல்வது அவர்கள் கற்ற முறைகளுக்கு மாறானது. முகம் பார்த்தும் கையைப் பிடித்தும் பேசிய தொழில் அது. தாங்களே நோயைத் தம் வீட்டுக்குக் கொண்டு போய்விடுவோமோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது.

சிங்கப்பூரில் சீருடையணிந்த செவிலியர்களுக்குப் பொது வண்டிகளில் அருகில் அமர மறுத்தவர்கள் இருந்தனர். எனவே உதவி தேவைப்படுவோர் பட்டியலில் மருத்துவமனைப் பணியாளர்களும் சேர்ந்தனர். தனிமைப்படுத்தப்பட்டவர்களின் வருமான இழப்பை ஈடுசெய்ய அரசு உதவித்தொகை வழங்கியது. பொதுமக்கள் நன்கொடையில் 'துணிவு நிதி' உருவானது. தனிமையில் இருக்கச் சொல்பவர் அந்தத் தனிமைக்கான செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இதன் வழியே நடைமுறைக்கு வந்தது.

கோவிட், 2020

2020 மார்ச் மாத இறுதியில் இந்தியா முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. சார்ஸ் காலத்தில் சில நகரங்கள் கண்டதை இப்போது நாடு முழுவதும் கண்டது. கோவிட் பிரிவுகளுக்குள் உறவினர்கள் நுழைய முடியவில்லை. உள்ளே இருப்பவர் சாப்பிட்டாரா, மூச்சு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் குடும்பத்தினர் மருத்துவமனை வாசலில் காத்திருந்தனர். அவர்களுக்கு நாள்தோறும் ஒருமுறை தகவல் சொல்வதே ஒரு பெரிய சேவையாக இருந்தது. கைபேசிக் காணொளி வழியே நோயாளியைக் குடும்பத்துக்குக் காட்டும் வேலையைச் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் பகிர்ந்துகொண்டனர்.

2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட் தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தாக்குதல் நடத்தியது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் அவரை வேறொரு கல்லறையில் அடக்கம் செய்தார். அதன்பின் இத்தகைய இடையூறுகளைத் தண்டிக்கத் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்று உள்ளவர்களின் வீட்டு வாசலில் சில இடங்களில் தகரம் அடிக்கப்பட்டது. அந்தத் தகரம் தெரு முழுவதற்கும் வீட்டை அடையாளம் காட்டியது. சோதனைக்கு வரவே மக்கள் தயங்க அதுவும் ஒரு காரணமானது.

மாறாக, சென்னை மாநகராட்சி 2020இல் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு உதவ 'ஃபோகஸ்' என்ற பெயரில் தன்னார்வலர்களை நியமித்தது. மளிகை, மருந்து, பால் ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பதும், வீட்டார் வெளியே வராமல் இருக்கிறார்களா என்று பார்ப்பதும் அவர்களுடைய பொறுப்பு. உதவியும் கண்காணிப்பும் ஒரே ஆளின் கையில் இருந்தன. பால் பாக்கெட் வாசலுக்கு வரும் வீட்டில், கடைக்குப் போக வேண்டிய தேவை எழுவதில்லை.

நோய் தணிந்த பிறகும் வேலை முடியவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவைத் தொடர்ந்து கோவிட் இறப்புக்கு 50,000 ரூபாய் கருணைத்தொகை அறிவிக்கப்பட்டது. இறப்புச் சான்றிதழில் கோவிட் என்று குறிப்பிடப்படாதவர்களின் குடும்பங்கள் பரிசோதனை முடிவுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் திரட்டி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தமிழக அரசு ஐந்து இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. இந்த உதவிகள் உரியவரைச் சென்றடைய, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் அவர்களுக்குத் துணையாக நிற்க வேண்டியிருந்தது.

பணியின் கூறுகள்

இந்த நோய்களுக்கிடையே பரவும் வழியும் வேகமும் வேறுபட்டாலும், மருத்துவமனை சமூகப் பணியில் சில கூறுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன.

முதலாவது, தகவல். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இடையே செய்தி அறுபடாமல் பார்த்துக்கொள்வது. செய்தி இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும் என்பதைப் பம்பாய் காட்டியது.

இரண்டாவது, பிழைப்பு. தனிமையோ நீண்ட சிகிச்சையோ வருமானத்தை நிறுத்துகிறது. வாடகை, உணவு, குழந்தைகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு வழி செய்யாமல் சிகிச்சை தொடர்வதில்லை.

மூன்றாவது, மறைகாப்பு. நோய் விவரம் யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்குத் தெரியக்கூடாது என்பதில் நோயாளியின் உரிமையைக் காப்பது. எச்.ஐ.வி. இதை அழுத்தமாக உணர்த்தியது.

நான்காவது, இறப்பு. இறுதிச் சடங்குகள் தடைபடும்போது, கூடிய அளவுக்காவது குடும்பத்தின் வழக்கம் நிறைவேற வழி தேடுவது.

ஐந்தாவது, பணியாளரின் நலம். கார்னெட் பெல்டன் முதல் சிங்கப்பூர்ச் செவிலியர்கள் வரை, உதவச் சென்றவர்களும் நோயுற்றனர் அல்லது ஒதுக்கப்பட்டனர்.

இன்றைய நிலை

இந்தியாவில் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறையில் மருத்துவச் சமூகப் பணியாளர் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. 2021இல் இயற்றப்பட்ட தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளர்களையும் எச்.ஐ.வி. ஆலோசகர்களையும் நலவாழ்வுத் தொழிலர்களின் பட்டியலில் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்தது. நடைவழி மூலையில் ஒரு மேசையுடன் தொடங்கிய தொழிலுக்கு இந்தியாவில் கிடைத்த முக்கியமான சட்ட அங்கீகாரம் இது.

காசநோய் இன்றும் தொடர்கிறது. சிகிச்சையில் இருக்கும் காசநோயாளிக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் நிக்ஷய் போஷண் திட்டம் 2018இல் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகை நோயாளியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்கிறது. கணக்கு இல்லாதவர், ஊர் மாறிப் போனவர், நோயை வீட்டில் சொல்ல அஞ்சிப் பெயர் கொடுக்கத் தயங்குபவர் ஆகியோரை யாராவது தேடிச் சென்று பேசினால்தான் அது அவர்களுக்குக் கிடைக்கும். 1905இல் கேபட்டுக்கு எழுந்த கேள்வி அங்கே இன்னும் விடையை எதிர்பார்த்து நிற்கிறது: எழுதித் தந்த சிகிச்சையை இந்த மனிதரால் தம் வீட்டில் இருந்துகொண்டு நிறைவேற்ற முடியுமா?